எல்எஸ்யூ 2019: பதினைந்துக்குப் பதினைந்து ஜெயித்த சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் 2019-இல் எல்எஸ்யூ ஆடிய சீசனில்தான் வந்து நிற்பேன். கேட்பவர்களும் பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்எஸ்யூ எந்த ஊர் அணி?

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர்தான் எல்எஸ்யூ. மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டி இருக்கிறது. அணியின் பெயர் டைகர்ஸ். மைதானத்துக்கு எதிரிலேயே மைக் என்ற நிஜப் புலி ஒன்றை வளர்க்கிறார்கள். 2019-இல் இருந்தது ஏழாவது மைக். டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். 1988-இல் ஆபர்னுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒரு டச் டவுன் விழுந்தபோது கூட்டம் குதித்த குதி, பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கமானியில் பதிவாகியிருக்கிறது. ஊர் அப்படிப்பட்ட ஊர்.

விதிகள் தெரியாமல் படிக்கலாமா?

படிக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும். பக்கத்துக்கு 11 பேர், 100 கெஜ மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதன் கூடவே ஒன்றோ இரண்டோ புள்ளி எடுக்க ஒரு முயற்சி உண்டு. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. பந்தை வாங்கி, எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, யாருக்கு எறிவது என்று அந்த நொடியில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக்.

2019-க்கு முன்னால் எல்எஸ்யூ மோசமான அணியா?

இல்லவே இல்லை. 2003, 2007 இரண்டு சீசனிலும் தேசிய சாம்பியன். 2018-இல்கூட 13-இல் 10 ஆட்டம் ஜெயித்தது. ஆனால் பந்தை எறியத் தயங்கும் அணி. பலசாலிகளை வைத்துத் தற்காத்து, நடுவில் முட்டி மோதி ஓடி, குறைந்த புள்ளிகளில் ஜெயிப்பது அவர்கள் வழக்கம்.

இந்த வழக்கம் அலபாமாவிடம் மட்டும் ஒரு கட்டத்துக்குப் பிறகு செல்லவே இல்லை. 2011 நவம்பரில் ஒரு டச் டவுன்கூட இல்லாத ஆட்டத்தில் 9-6 என்று அலபாமாவை வென்றார்கள். இரண்டு மாதம் கழித்து தேசிய இறுதி ஆட்டத்தில் அதே அலபாமாவிடம் 21-0 என்று தோற்றார்கள். அதில் தொடங்கி 2018 வரை தொடர்ந்து எட்டுத் தோல்வி. எட்டாவது சொந்த ஊரிலேயே, 29-0. ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்க, ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அந்த இரவை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்த வருடம் நடந்தது முழுசாகப் புரியும்.

ஒரே வருடத்தில் அப்படி என்ன மாறியது?

தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிராடியை அழைத்து வந்தார். அப்போது பிராடிக்கு 29 வயது. பெரிய பதவி எதிலும் இருந்தவர் கிடையாது. அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு புது ஆட்டமுறை.

பழைய எல்எஸ்யூ எப்படி நிற்கும் என்றால், குவார்ட்டர்பேக்கைச் சுற்றி ஆட்கள் நெருக்கமாக நிற்பார்கள். எதிரணியும் நடுவில் வந்து கூடும். பிறகு முட்டல் மோதல்தான். புது முறையில் பந்தைப் பிடிக்கக்கூடிய ஐந்து பேரையும் மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தினார்கள். அவர்களைக் காவல் காக்க எதிரணியும் பரவியே ஆக வேண்டும். பரவினால் எங்கோ ஓர் இடத்தில் ஓட்டை விழும். அது எங்கே விழப்போகிறது என்பதைப் பந்து கைக்கு வரும் முன்பே குவார்ட்டர்பேக் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் இரண்டு மூன்று நொடிக்குள் பந்து கையை விட்டுப் போய்விடும். எதிரணி ஆள் ஓடி வந்து சேரும்போது அங்கே பந்து இருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் பங்கு. தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர் அவர்தான். 1970-களின் கடைசியில் எல்எஸ்யூவுக்கே குவார்ட்டர்பேக்காக ஆடியவர், அறுபதை எட்டிய மனிதர். தன் வயதில் பாதிதான் இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் பழகிய முறையை மாற்றிக்கொண்டார். ஆட்டத்தின்போது உத்திகளைச் சொல்லும் வேலை என்ஸ்மிங்கரிடமே இருந்தது. எறியும் ஆட்டத்தின் வடிவம் பிராடியுடையது. யார் பெரியவர் என்ற பேச்சு எழுந்திருந்தால் எல்லாம் அங்கேயே கெட்டிருக்கும். எழவில்லை. எண்களை எல்லோரும் சொல்கிறார்கள். இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

குவார்ட்டர்பேக் ஜோ பரோ வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்தானே? எப்படி உடனே ஆட முடிந்தது?

ஆமாம். ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஏதென்ஸ் அருகே வளர்ந்தவர். முதலில் சேர்ந்தது ஒஹாயோ ஸ்டேட்டில். அங்கே வாய்ப்புக்காகக் காத்திருந்தே காலம் போனது. மொத்தமாக அவர் எறிந்தது 39 பாஸ். 2018-இல் முதல் குவார்ட்டர்பேக் இடம் டுவெய்ன் ஹாஸ்கின்ஸுக்குத்தான் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்து விதிப்படி கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். பட்டம் முடித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பரோ மூன்றே வருடத்தில் பட்டத்தை முடித்திருந்தார், அதனால் இரண்டு வருட ஆட்டம் கையில் இருந்தது.

முதல் வருடம் சுமார்தான்: 16 டச் டவுன் பாஸ், நூற்றுக்கு 58 அளவில் சரியாகப் போய்ச் சேர்ந்தன. 2019-இல் 60 டச் டவுன் பாஸ், 5,671 கெஜம், நூற்றுக்கு 76.3. இடைமறிக்கப்பட்டவை ஆறே ஆறு. 60 டச் டவுன், 76.3 விழுக்காடு இரண்டுமே அப்போது உயர்மட்டக் கல்லூரி ஆட்டத்தில் புதுச் சாதனைகள்.

அவர் அப்பா ஜிம்மி பரோவும் பயிற்சியாளர்தான். ஒஹாயோ பல்கலைக்கழக அணியின் தற்காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனின் கடைசி சீசனை நேரில் பார்க்க வேண்டும் என்று 2018 சீசன் முடிந்ததும் ஓய்வு பெற்றுவிட்டார். அதைவிட நல்ல நேரத்தில் யாரும் ஓய்வு பெற்றிருக்க முடியாது.

பயிற்சியாளர் ஓர்ஜெரான் குரல் ஏன் அப்படி இருக்கிறது?

எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன்: அது அவர் இயல்பான குரல். கரகரவென்று தொண்டையின் அடியிலிருந்து வரும், கேஜுன் வாடையோடு. கேஜுன் மக்கள் என்றால் கனடாப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்டு லூசியானாவின் சதுப்பு நிலங்களில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். ஓர்ஜெரான் அந்தப் பகுதியில் லரோஸ் என்ற சிற்றூர்க்காரர்.

குரலைவிட அவர் வந்த பாதை பேச வேண்டியது. இளைஞனாக எல்எஸ்யூவில் ஆடச் சேர்ந்து, வீட்டு ஏக்கத்தில் விட்டுவிட்டுத் திரும்பியவர். பிறகு நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட்டில் ஆடினார். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஓலே மிஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி, மூன்று வருடத்தில் 35-இல் 10 ஆட்டம் மட்டுமே ஜெயித்து வேலையை இழந்தார். 2013-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியைத் தற்காலிகமாக ஏற்று 8-இல் 6 ஜெயித்தும் அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. 2016-இல் எல்எஸ்யூவிலும் முதலில் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆன அடுத்த வருடமே டிராய் என்ற சிறிய அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றபோது, இவரையா வைத்திருக்கிறோம் என்று ஊரே கேட்டது. 2019 வரை அந்தக் கேள்வி முழுசாக ஓயவில்லை.

இந்த அணி வேறு மாதிரி என்று முதலில் எப்போது தெரிந்தது?

செப்டம்பர் 7, ஆஸ்டினில், டெக்சாஸ் அணிக்கு எதிராக. அந்த ஒரு பந்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

எல்எஸ்யூ 37-31 என்று முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. மூன்றாவது வாய்ப்பு, 17 கெஜம் தேவை. பழைய எல்எஸ்யூவாக இருந்தால் பத்திரமாக ஓடி, நேரத்தைக் கடத்தி, பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுத் தற்காப்பை நம்பியிருக்கும். டெக்சாஸ் ஆட்களைக் கூட்டி பரோவை நோக்கிப் பாய்கிறது. அவர் முன்னால் ஓரடி வைத்து இடப்பக்கம் நகர்கிறார், நகர்ந்தபடியே எறிகிறார். ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடித்துத் திரும்பினால் எதிரே ஆளே இல்லை. 61 கெஜம், டச் டவுன். டெக்சாஸ் இன்னொரு டச் டவுன் போட்டும் ஆட்டம் 45-38 என்று எல்எஸ்யூ பக்கம் முடிந்தது. அன்று ஜெஃபர்சன், ஜமார் சேஸ், டெரஸ் மார்ஷல் மூவருமே ஆளுக்கு நூறு கெஜத்துக்கு மேல் எடுத்தார்கள்.

அலபாமா ஆட்டத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

எட்டுத் தோல்வி, அதுதான் காரணம். நவம்பர் 9, அலபாமாவின் சொந்த ஊர் டஸ்கலூசா. இரண்டு அணியும் அதுவரை தோற்கவில்லை. அலபாமா அந்த மைதானத்தில் தோற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்று அமெரிக்க அதிபரே பார்க்க வந்திருந்தார்.

இரண்டாம் கால்பகுதியின் கடைசி அரை நிமிடத்தைக் கவனியுங்கள். கிளைட் எட்வர்ட்ஸ்-எலேர் ஓடி ஒரு டச் டவுன் எடுக்கிறார். அடுத்து அலபாமாவின் டுவா டாகோவைலோவா எறிந்த பந்தை பேட்ரிக் குவீன் இடைமறிக்கிறார். அடுத்த எறியிலேயே பரோ மறுபடி எட்வர்ட்ஸ்-எலேருக்குக் கொடுக்க, இன்னொரு டச் டவுன். இடைவேளைக்கு 33-13.

அலபாமா விடவில்லை. இரண்டாம் பாதியில் திரும்பத் திரும்ப நெருங்கியது. ஒவ்வொரு முறையும் எட்வர்ட்ஸ்-எலேர் பதில் வைத்திருந்தார். உயரம் குறைவு, பேட்டன் ரூஜிலேயே பிறந்து வளர்ந்த பையன். பின்னால் இழுத்துப் பிடித்தவர்களை உதறிக்கொண்டு, சுழன்று, கோட்டைத் தாண்டி விழுவார். அன்று மொத்தம் நான்கு டச் டவுன். முடிவு 46-41. சக வீரர்கள் பரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்த அணிக்குப் பலவீனமே கிடையாதா?

இருந்தது, தற்காப்பு. டெக்சாஸ் 38, வாண்டர்பில்ட் 38, அலபாமா 41, ஓலே மிஸ் 37 என்று புள்ளிகளை வாரிக் கொடுத்தார்கள். கிராண்ட் டெல்பிட், முதலாண்டு மாணவர் டெரெக் ஸ்டிங்லி போன்ற திறமைசாலிகள் இருந்தும் இப்படி. நவம்பர் கடைசியில்தான் காயம் ஆறியவர்கள் திரும்பி வந்து, தற்காப்புப் பயிற்சியாளர் டேவ் அரண்டாவின் திட்டமும் கூடி வந்தது. அதன் பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு 7, எல்எஸ்யூ இருக்கும் தென்கிழக்கு மாநாடு என்ற கல்லூரி அணிகளின் பிரிவின் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவுக்கு 10. அவ்வளவுதான் விட்டுக்கொடுத்தார்கள்.

பரோ சட்டையில் பெயர் ஏன் வேறு மாதிரி எழுதியிருந்தது?

நவம்பர் 30, டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிராக, அவருக்குச் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். லூசியானாவில் பிரெஞ்சுப் பெயர்கள் அதிகம். கடைசியில் வரும் ‘ஓ’ என்ற ஒலியை இ, ஏ, யூ, எக்ஸ் என்று நான்கு எழுத்துப் போட்டு எழுதுவார்கள். ரசிகர்கள் அன்பாக அவர் பெயரையும் அப்படியே எழுதி வந்தார்கள். அன்று மாலை மைதானத்துக்குள் ஓடி வந்தபோது அவர் முதுகிலேயே அந்த எழுத்துக்கூட்டல் இருந்தது. ஒஹாயோ பையனை லூசியானா தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டதும், அவர் அதை ஏற்றுக்கொண்டதும் அந்தத் துணியில் எழுதியிருந்தது. அன்றைய ஸ்கோர் 50-7. அதற்கு முந்தைய வருடம் இதே எதிரணியிடம் ஏழு கூடுதல் நேரம் ஆடி 74-72 என்று தோற்றிருந்தார்கள்.

ஹைஸ்மன் விருது மேடையில் அவர் பேசியது என்ன?

ஹைஸ்மன் என்பது கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருது. எல்எஸ்யூவில் அதற்கு முன் வாங்கியவர் ஒரே ஒருவர், 1959-இல் பில்லி கேனன். 2019 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில் பரோ மேடையேறியதும் சிறிது நேரம் பேச்சே வரவில்லை, அழுதுவிட்டார். பிறகு தன் ஊரைப் பற்றிப் பேசினார். தன் பகுதியில் வறுமை அதிகம் என்றும், பள்ளி விட்டு வீடு திரும்பினால் சாப்பிட ஒன்றும் இல்லாத பிள்ளைகளுக்காகவும் தான் அங்கே நிற்பதாகவும், அவர்களும் இந்த மேடைக்கு வரலாம் என்றும் சொன்னார்.

அதைக் கேட்ட ஏதென்ஸ்காரர் ஒருவர் அங்குள்ள உணவு வங்கிக்காக இணையத்தில் சிறு தொகை திரட்டத் தொடங்கினார். சில நாட்களில் அது லட்சக்கணக்கான டாலராகிவிட்டது. புள்ளிவிவரம் எல்லாம் மறந்தாலும் இது எனக்கு மறக்காது.

பீச் பௌல் அன்று என்ஸ்மிங்கருக்கு என்ன நேர்ந்தது?

டிசம்பர் 28, அட்லாண்டா, ஓக்லஹோமாவுக்கு எதிரான தேசிய அரையிறுதி; அந்த ஆட்டத்துக்குத்தான் பீச் பௌல் என்று பெயர். அன்று காலை லூசியானாவின் லஃபயெட்டில் ஒரு சிறிய விமானம் விழுந்தது. ஆட்டத்தைப் பார்க்க அதில் கிளம்பிய என்ஸ்மிங்கரின் மருமகள், விளையாட்டுச் செய்தியாளர், இறந்துபோனார். செய்தியை என்ஸ்மிங்கரிடம் சொன்னவர் ஓர்ஜெரான். என்ஸ்மிங்கர் வீட்டுக்குப் போயிருக்கலாம்; யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பயிற்சியாளர் அறைக்கு ஏறிப் போய் உத்திகளைச் சொன்னார். முதல் பாதியிலேயே பரோ ஏழு டச் டவுன் பாஸ் எறிந்தார், அவற்றில் நான்கு ஜெஃபர்சனுக்கு. 63-28. கேமரா என்ஸ்மிங்கரைக் காட்டியபோது கண் கலங்கியிருந்தது. அதைத் தாண்டி அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

இறுதி ஆட்டம்?

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். 21-0 என்று அலபாமாவிடம் தோற்ற அதே கூரையின் கீழ். எதிரே கிளெம்சன், தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து வந்த நடப்பு சாம்பியன். அதன் குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் கல்லூரியில் தொடக்க வீரராகத் தோற்றதே கிடையாது.

முதலில் எல்எஸ்யூ திணறியது. இரண்டாம் கால்பகுதியில் 17-7 என்று பின்தங்கியது. அங்கிருந்து இடைவேளைக்குள் வரிசையாக மூன்று டச் டவுன், 28-17. சேஸ் ஒருவரே 221 கெஜம் எடுத்தார். இடைவேளைக்குச் சற்று முன் விலாவில் அடி வாங்கிய பரோ வலியோடு ஆடி 463 கெஜம், ஐந்து டச் டவுன் பாஸ், தானே ஓடி ஒன்று என முடித்தார். 42-25. அந்த சீசனின் மொத்தப் புள்ளி 726; அதுவரை உயர்மட்டக் கல்லூரி அணி எதுவும் ஒரே சீசனில் எடுக்காதது.

வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

அப்போது கிடையாது. படிப்பு உதவித்தொகை மட்டும்தான். தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில்தான் வந்தது. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்த பையன்களுக்கு நேரடியாக எதுவும் கிடையாது என்பது எனக்கு அப்போதும் நியாயமாகப் படவில்லை.

பிறகு அணி என்ன ஆனது?

கலைந்துவிட்டது. தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2020 தேர்வில் 14 எல்எஸ்யூ வீரர்கள் எடுக்கப்பட்டார்கள், முதல் சுற்றிலேயே ஐந்து பேர். முதல் ஆளாக பரோ, சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு. பிராடி என்எஃப்எல்லின் கரோலினா பாந்தர்ஸுக்கும் அரண்டா பெய்லர் பல்கலைக்கழக அணிக்கும் போனார்கள். அடுத்த சீசனில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. பாலியல் புகார்களைப் பல்கலைக்கழகம் சரியாகக் கையாளவில்லை என்று 2021 மார்ச்சில் ஒரு சட்ட நிறுவனத்தின் அறிக்கை விரிவாகச் சொன்னது. அது ஃபுட்பால் வெற்றியைவிடப் பெரிய விஷயம்; இந்த அணியை நேசிப்பவர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது. 2021 அக்டோபரில், ஓர்ஜெரான் சீசன் முடிந்ததும் விலகுவார் என்று அறிவித்தார்கள்.

சேஸையும் 2021-இல் சின்சினாட்டியே எடுத்தது. 2022 பிப்ரவரியில் பரோவும் சேஸும் சேர்ந்து என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனார்கள்.

வரலாற்றிலேயே சிறந்த அணி இதுதானா?

என் கணக்கில் ஆம். 1995 நெப்ராஸ்கா, 2001 மயாமி என்று சொல்பவர்கள் உண்டு. தற்காப்பை வைத்துப் பார்த்தால் அந்த அணிகளே மேல். ஆனால் சீசன் தொடங்கும் முன் வந்த ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் முதல் நான்கு இடத்தில் இருந்த கிளெம்சன், அலபாமா, ஜார்ஜியா, ஓக்லஹோமா நான்கையுமே ஒரே சீசனில் வென்ற அணி இது.

இப்போது பார்க்க ஆரம்பித்தால் எதில் தொடங்குவது?

டெக்சாஸ் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி, அப்புறம் அலபாமா ஆட்டம் முழுசாக, அப்புறம் இறுதி. நேரம் இருந்தால் அக்டோபர் 26 ஆபர்ன் ஆட்டத்தையும் பாருங்கள். 23-20, அந்த சீசனில் எல்எஸ்யூ 30 புள்ளிக்குக் கீழே எடுத்த ஒரே ஆட்டம். ஆபர்ன் முன்வரிசையில் மூவரை மட்டும் வைத்து, மற்ற பலரையும் பின்னால் நிறுத்தி எறியும் வழிகளை அடைத்தது. அவசரப்படாமல் சின்னச் சின்ன பாஸாக எறிந்தும் ஓடியும் அதைத் தாண்டி வந்தார்கள். பிராடியின் முறை எப்படி வேலை செய்தது என்று அதில் நிதானமாகப் பார்க்கலாம்.